நீர்மேல் நடக்கும் பூச்சிகளின் நுண்ணோக்கிப் படங்களைச் சுவரில் மாட்டுவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நுண்ணோக்கிப் படங்களைப் பெரிதாக அச்சிட்டுச் சட்டமிட விரும்புவோர் கேட்கும் ஐயங்கள் பெரும்பாலும் ஒன்றுபோலவே இருப்பதால், அவற்றைக் கேட்டவர்களின் சொற்களிலேயே இங்கே தொகுத்திருக்கிறேன். எடுத்துக்காட்டுக்கு நீர்மேல் நடக்கும் பூச்சிகளை வைத்துக்கொண்டதற்குக் காரணம் உண்டு: அவை மூழ்காமல் நிற்பதற்கான காரணமும், படத்தில் நம்மைக் கவரும் அழகும் ஒரே இடத்தில், காலின் உரோமத்தில் இருக்கின்றன.

தண்ணீர்மேல் நடக்கும் பூச்சி என்றால் எது? குளத்தில் சர்ரென்று ஓடுமே, அதுவா?

அதுவேதான். குளம், கிணறு, தெப்பக்குளம், ஓடையின் தேங்கிய மடு ஆகிய இடங்களில் நீண்ட கால்களைப் பரப்பிக்கொண்டு வழுக்கிச் செல்லும் அந்த மெலிந்த பூச்சி, ஜெரிடே என்னும் குடும்பத்தைச் சேர்ந்தது. மூட்டைப்பூச்சி இருக்கும் ஹெமிப்டெரா வரிசையில்தான் இதுவும் வருகிறது. மேலிருந்து பார்த்தால் கால்கள் நான்குபோலத் தெரியும், ஆனால் ஆறு உண்டு. முன்கால்கள் இரண்டும் குட்டையானவை. நீரில் விழுந்து தத்தளிக்கும் சிறு பூச்சிகளைப் பிடிக்க அவை பயன்படுகின்றன. நடுக்கால்கள் உந்தித் தள்ளுகின்றன, பின்கால்கள் திசை திருப்ப உதவுகின்றன.

சுவர்ப்படங்களில் அடிக்கடி தென்படும் உறவினர் இருவர் உண்டு. ஒன்று, வேகமாக ஓடும் ஓடைநீரில் வாழும் ராகோவீலியா. மற்றொன்று, கடலின் மேல் வாழும் ஹாலோபேட்டஸ். பிந்தையதில் ஐந்து இனங்கள் கரையே காணாமல் நடுக்கடலில் வாழ்நாளைக் கழிக்கின்றன; அப்படி வாழும் பூச்சி வேறு எதுவுமில்லை.

அது எப்படி மூழ்காமல் நிற்கிறது? அந்தக் காரணம் படத்தில் தெரியுமா?

நீரின் மேற்பரப்புக்கு ஓர் இழுப்பு உண்டு. பரப்பு இழுவிசை எனப்படும் இதன் அளவு 20 டிகிரி செல்சியஸில் மீட்டருக்கு ஏறத்தாழ 72.8 மில்லிநியூட்டன். பூச்சியின் கால் அந்தப் பரப்பைக் கிழிக்காமல் அழுத்தி ஒரு பள்ளத்தை உண்டாக்குகிறது. பள்ளத்தின் ஓரத்தில் பரப்பு மேல்நோக்கி இழுப்பதால் பூச்சியின் எடை தாங்கப்படுகிறது. இதற்குக் கால் நனையாமல் இருக்க வேண்டும். காலின் மேலுள்ள மெழுகே நனையாமைக்குக் காரணம் என்று முன்பு கருதினார்கள். ஆனால் மெழுகு மட்டும் தரும் சேர்கோணம், அதாவது நீர்த்துளி பரப்பைத் தொடும் கோணம், 105 டிகிரி அளவுதான். காலை நேரடியாக அளந்தபோது அது 167.6 டிகிரியாக இருந்தது.

இடைவெளியை நிரப்புவது உரோமம். பெய்ஜிங்கில் உள்ள சீன அறிவியல் கழகத்தின் ஆய்வாளர்கள் காவ் ஷுவேஃபெங்கும் ஜியாங் லெய்யும் 2004இல் நேச்சர் இதழில் இதைக் காட்டினார்கள். ஊசிபோன்ற உரோமங்கள் ஏறத்தாழ 50 மைக்ரோமீட்டர் (ஒரு மைக்ரோமீட்டர் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு, நானோமீட்டர் அதிலும் ஆயிரத்தில் ஒரு பங்கு) நீளத்தில், அடியில் 3 மைக்ரோமீட்டர் அளவும் நுனியில் சில நூறு நானோமீட்டர் அளவும் தடித்து, காலின் பரப்போடு 20 டிகிரி சாய்ந்து ஒரே திசையில் அடர்ந்திருக்கின்றன. ஒவ்வோர் உரோமத்தின் மேலும் நீளவாக்கில் நுண்ணிய வரிப்பள்ளங்கள் ஓடுகின்றன. இந்த இடுக்குகளில் காற்று சிக்கிக்கொள்வதால் நீர் உள்ளே புகுவதில்லை. ஒற்றைக் காலால் பூச்சியின் மொத்த எடையைப்போல் 15 மடங்கைத் தாங்க முடிகிறது. படத்தில் தெரியுமா என்றால், நன்றாகவே தெரியும்; சாய்ந்த உரோமங்களும் அவற்றின் வரிகளும் தெரியாத கால்படத்தை வாங்க வேண்டாம்.

சாதாரண நுண்ணோக்கியிலேயே எடுக்கலாமே, எலக்ட்ரான் நுண்ணோக்கி எதற்கு?

ஒளி நுண்ணோக்கியால் ஏறத்தாழ 0.2 மைக்ரோமீட்டருக்கு உட்பட்ட விவரங்களைப் பிரித்துக் காட்ட முடியாது. மேலே சொன்ன வரிப்பள்ளங்கள் அந்த எல்லைக்குக் கீழே போய்விடுகின்றன. அத்துடன், உருப்பெருக்கம் கூடக்கூட ஒளி நுண்ணோக்கியில் குவியும் ஆழம் மிகவும் குறைந்துவிடும். ஓர் உரோமத்தின் நுனி தெளிவாக இருந்தால் அடி கலங்கித் தெரியும். ஸ்கேனிங் எலக்ட்ரான் நுண்ணோக்கி, எலக்ட்ரான் கற்றையைப் பொருளின் மேல் வரிவரியாக ஓட்டி, திரும்பி வரும் எலக்ட்ரான்களை எண்ணிப் படமாக்குகிறது. அதன் குவிய ஆழம் பெரியது என்பதால்தான் அப்படங்களில் உரோமக் காடு முழுவதும் ஒரே தெளிவோடு நிற்கிறது.

இருந்தாலும், முழுப் பூச்சியையும் அதன் இயற்கை நிறத்தோடு காட்ட ஒளிதான் வேண்டும். வெவ்வேறு ஆழத்தில் குவித்த பல படங்களை ஒன்றிணைக்கும் முறை அதற்கு உதவும். பிரிட்டன் ஒளிப்படக் கலைஞர் லெவன் பிஸ், ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழக இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தின் பூச்சிகளை இம்முறையில் எடுத்து 2016இல் அங்கேயே காட்சிக்கு வைத்தார். ஒவ்வொரு பூச்சிக்கும் ஏறத்தாழ 8,000 படங்கள் தேவைப்பட்டன.

படத்தில் உள்ள நீலமும் ஆரஞ்சும் உண்மையான நிறமா?

இல்லை. எலக்ட்ரான் நுண்ணோக்கிப் படம் கருப்பு-வெள்ளைப் படமே. நிறம் என்பது ஒளி சார்ந்தது. எலக்ட்ரான்களை எண்ணும் கருவிக்கு அது கிடையாது. மின்சாரம் தேங்காமலிருக்கப் பூச்சியின் மேல் சில நானோமீட்டர் தடிப்பில் தங்கமோ தங்க-பல்லேடியக் கலவையோ பூசுவார்கள். அந்தத் தங்கமும் படத்தில் சாம்பல் நிறமாகத்தான் வரும். வண்ணப் படமாகக் கிடைப்பவை அனைத்தும் பின்னர் கணினியில் தீட்டியவை.

தீட்டுவதில் தவறில்லை, தீட்டியதாகச் சொல்லிவிட்டால் போதும். ஆனால் என் கருத்தில் இந்தப் பூச்சிக்கு நிறம் சேர்ப்பது இழப்பே. உரோமங்களின் சாய்வையும் நெருக்கத்தையும் காட்டுவது ஒளி-நிழல் வேறுபாடு மட்டுமே; அதன்மேல் ஊதாவைப் பூசினால் கண் நிறத்துக்குப் போய்விடுகிறது.

தண்ணீர்மேல் நிற்கும்போதே எலக்ட்ரான் நுண்ணோக்கியில் எடுத்தது என்று சொல்லி ஒரு படம் விற்கிறார்கள். நம்பலாமா?

நம்ப வேண்டாம். வழக்கமான எலக்ட்ரான் நுண்ணோக்கியின் உள்ளே உயர் வெற்றிடம் நிலவுகிறது. அங்கே நீர் நீராக இருக்காது. அலையடிக்கும் நீர்ப்பரப்பில் உயிருள்ள பூச்சி நிற்பதுபோன்ற எலக்ட்ரான் நுண்ணோக்கிப் படம் ஒட்டிச் சேர்த்ததாகவோ கணினியில் வரைந்ததாகவோதான் இருக்கும்.

இங்கே ஒரு விதிவிலக்கைச் சொல்லியாக வேண்டும். சூழல்வகை எலக்ட்ரான் நுண்ணோக்கி என்ற கருவியின் அறையில் நீராவியைக் குறைந்த அழுத்தத்தில் வைத்திருக்க முடியும். மாதிரியை உறைநிலைக்குச் சற்று மேலே குளிர்வித்தால் உரோமங்களின் இடையே நுண்துளிகள் படிவதையும் பார்க்கலாம். அப்படிப் படியும் துளிகள், நுனி மெலிந்த உரோமங்களின் வடிவத்தால் தாமாகவே வெளியே தள்ளப்படுவதை 2015இல் வெளியான ஓர் ஆய்வு விளக்கியது. ஆகவே 'காலில் துளிகள்' என்ற படம் உண்மையாக இருக்கலாம். 'குளத்தில் பூச்சி' என்பது இருக்காது.

இதற்காகப் பூச்சியைக் கொல்கிறார்களா?

பெரும்பாலும் ஆம். உறைய வைத்தோ எத்தனாலில் இட்டோ கொன்று, நீரகற்றி, உலர்த்தி, தங்கம் பூசிய பிறகே கருவிக்குள் வைக்கிறார்கள். மனம் ஒப்பாதவர்களுக்கு வழி உண்டு. கால்படத்துக்கு ஒரே ஒரு கால் போதும். இறந்து மிதக்கும் பூச்சியின் கால் பழுதுபடாமலிருந்தால் அதுவே பயன்படும். இப்பூச்சியின் குஞ்சு ஐந்து முறை தோலுரித்து வளர்வதால், நீரில் மிதக்கும் உரித்த தோலையும் எடுக்கலாம். உரோமங்களின் வடிவம் அதிலும் இருக்கும். சரணாலயங்களிலும் தேசியப் பூங்காக்களிலும் வனத்துறையின் அனுமதியின்றி எதையும் எடுக்கக் கூடாது. உரித்த தோலுக்கும் இது பொருந்தும்.

வாங்காமல், நானே எடுத்துவர என்ன செய்ய வேண்டும்?

பல பல்கலைக்கழகங்களின் மையக் கருவிக்கூடங்கள் வெளியாருக்கும் கட்டணத்துக்குக் கருவியை இயக்கித் தருகின்றன. இந்திய அரசின் அறிவியல் தொழில்நுட்பத் துறை ஆதரவில் இயங்கும் உயர்நிலைப் பகுப்பாய்வுக் கருவிக்கூடங்களுள் ஒன்று சென்னை ஐஐடியில் இருக்கிறது. தனியாள் போவதைவிடக் கல்லூரி விலங்கியல் துறை ஒன்றின் வழியாகக் கடிதம் கொடுத்துப் போனால் வேலை எளிதாகும்.

கருவியை இயக்குபவரிடம் முதலிலேயே, 'இது ஆய்வறிக்கைக்கு அல்ல, பெரிய அச்சுக்கு' என்று சொல்லிவிடுங்கள். இல்லையேல் அவர் பழக்கப்படி சிறிய அளவில் வேகமாக ஓட்டிக் கொடுத்துவிடுவார். கருவி தரும் மிகப் பெரிய பிக்சல் அளவு, மெதுவான ஓட்டம், மூன்று முதல் ஐந்து கிலோவோல்ட் என்ற குறைந்த மின்னழுத்தம், டிஃப் வடிவக் கோப்பு ஆகிய நான்கையும் கேட்டு வாங்க வேண்டும். மின்னழுத்தத்தைக் கூட்டினால் எலக்ட்ரான்கள் மெல்லிய உரோமத்தை ஊடுருவிப் போவதால் மேற்பரப்பின் வரிகள் மங்கும். அச்சில் மிகவும் உறுத்துவது வேறொன்று: பூச்சு சரியாகப் படியாத உரோமத்தில் மின்னேற்றம் தேங்கி, அந்த உரோமமும் அதை ஒட்டிய வரிகளும் வெண்மையாக எரிந்துபோயிருக்கும். கைபேசித் திரையில் பார்க்கையில் பளிச்சென்ற பொட்டாகத் தோன்றும் இது, மூன்றடித் தாளில் வெள்ளைக் கீறலாகிவிடும். ஆகவே கருவியின் முன்னால் இருக்கும்போதே படத்தை முழு அளவுக்குப் பெரிதாக்கி, மூலைமூலையாகப் பார்த்துவிட வேண்டும்.

கோப்பு 3072 பிக்சல்தான். மூன்றடி அகலத்துக்கு அச்சிட்டால் பிசிறடிக்காதா?

கணக்கிட்டுப் பார்ப்போம். 3072 பிக்சலை 90 சென்டிமீட்டர் அகலத்துக்கு விரித்தால் ஒரு பிக்சல் 0.29 மில்லிமீட்டர் ஆகிறது. நல்ல பார்வையுள்ள கண் ஒரு மீட்டர் தொலைவிலிருந்து பிரித்தறியக்கூடிய மிகச் சிறிய அளவும் ஏறத்தாழ அதுவே. எனவே சோபாவுக்குப் பின்சுவரில், ஒரு மீட்டருக்கு அப்பால் நின்று பார்க்கும் படத்துக்கு அந்தக் கோப்பு போதும். நடைபாதையிலோ மேசைக்கு மேலோ, கைநீட்டும் தூரத்தில் மாட்டுவதாக இருந்தால் அகலத்தைப் பாதியாக்குங்கள், அல்லது பக்கம்பக்கமாக எடுத்த படங்களை இணைத்துப் பெரிய கோப்பாக்குங்கள். அச்சகத்தார் எதற்கும் அங்குலத்துக்கு 300 புள்ளி கேட்பது கையில் வைத்துப் படிக்கும் புத்தகத்துக்கான வழக்கம்.

செயற்கை நுண்ணறிவுச் செயலியில் போட்டால் நான்கு மடங்கு தெளிவாகிறதே, அப்படிச் செய்யலாமா?

அந்தச் செயலி தெளிவாக்குவதில்லை. இல்லாத விவரத்தை ஊகித்து நிரப்புகிறது. இரண்டு உரோமங்கள் ஒன்றையொன்று கடக்கும் இடத்தில் மூன்றாவது ஒன்று முளைப்பதையும், வரிப்பள்ளங்கள் நடுவில் அறுந்து வேறு திசையில் தொடர்வதையும் கூர்ந்து பார்த்தால் காணலாம். வெளிச்ச வேறுபாட்டைச் சரிசெய்வது, ஒட்டியிருந்த ஒரு தூசியை நீக்குவது ஆகியவை வரை எனக்கு ஆட்சேபம் இல்லை. உரோமத்தைப் புதிதாக வரைந்த பின் அந்தப் படத்தை நுண்ணோக்கிப் படம் என்று அழைப்பது பொருந்தாது.

'5,000 மடங்கு' என்று படத்தின் அடியில் இருக்கிறது. பெரிதாக அச்சிட்டாலும் அது 5,000தானா?

இல்லை. கருவி காட்டும் மடங்கு, ஒரு குறிப்பிட்ட அகலத்தை அடிப்படையாகக் கொண்டது. பழைய கருவிகளில் அது போலராய்டு அச்சின் அகலம், புதியவற்றில் பெரும்பாலும் திரையின் அகலம். அச்சின் அளவு மாறினால் மடங்கும் மாறும். படத்தில் பதிவான பகுதி 60 மைக்ரோமீட்டர் அகலம் என்று கொண்டால், 60 சென்டிமீட்டர் அச்சில் அது 10,000 மடங்கு, 90 சென்டிமீட்டர் அச்சில் 15,000 மடங்கு, ஆறு சென்டிமீட்டர் கைபேசித் திரையில் 1,000 மடங்கு மட்டுமே. 10,000 மடங்கில், நம் தலைமுடி ஒன்று ஏறத்தாழ 70 சென்டிமீட்டர் தடிப்பில் நிற்கும். அதாவது அந்தச் சட்டத்துக்குள் அடங்காது.

எந்த அளவிலும் பொய்க்காதது அளவுக்கோடுதான். 10 மைக்ரோமீட்டர் என்று குறித்த சிறு கோடு படத்தோடு சேர்ந்து விரிவதால், அச்சு எவ்வளவு பெரிதானாலும் அது 10 மைக்ரோமீட்டரையே காட்டும்.

அந்தக் கோடும் கீழே உள்ள எழுத்துப் பட்டையும் அழகைக் கெடுக்கின்றனவே, வெட்டிவிடலாமா?

பட்டையை வெட்டலாம், கருவியின் பெயரும் மின்னழுத்தமும் வரவேற்பறைக்குத் தேவையில்லை. கோட்டை விட்டுவிட வேண்டாம் என்பேன். அளவு தெரியாத உரோமக் காடு ஏதோ ஒரு வடிவமாகச் சுருங்கிவிடுகிறது. கோடு ஒன்று இருந்தால்தான் பார்ப்பவர் தாம் எதைப் பார்க்கிறோம் என்று கேட்கத் தொடங்குகிறார். மெல்லிய வெள்ளைக் கோடாக ஓரத்தில் மறுபடி வரைந்துகொள்ளலாம், அல்லது படத்துக்கு வெளியே, சட்டத்துக்குள் படத்தைச் சுற்றி வைக்கும் மவுண்ட் அட்டையில் அச்சிடலாம்.

கேன்வாஸ், பளபளப்புத் தாள், சன்போர்டு: எதில் அச்சிடுவது?

பளபளப்பில்லாத பருத்தித் தாளில், நிறமி மையால். கேன்வாஸின் நெசவு மெல்லிய உரோமங்களைத் தின்றுவிடும். பளபளப்புத் தாளில் டியூப்லைட்டின் பிரதிபலிப்புதான் தெரியும். சன்போர்டில் ஒட்டிய வினைல் பள்ளிக் கண்காட்சிக்குப் பரவாயில்லை, வெயில் படும் சுவரில் வளைந்துபோகும்.

கருப்பு-வெள்ளைப் படத்தில் அச்சகத்தார் கவனிக்காத சிக்கல் ஒன்று உண்டு. நான்கு மைகளை மட்டும் கலந்து சாம்பலை உண்டாக்கும் எந்திரத்தில், சாம்பல் ஓரிடத்தில் பச்சையாகவும் ஓரிடத்தில் இளஞ்சிவப்பாகவும் சாயும். தனிச் சாம்பல் மைகள் உள்ள எந்திரம் இருக்கிறதா என்று கேளுங்கள். முழுப் படத்துக்கு முன் கையகல அளவில் ஒரு துண்டை அச்சிட்டு, அதைக் கடையின் விளக்கில் பார்க்காமல், மாட்டப்போகும் சுவரருகே பகலிலும் இரவிலும் பார்த்த பிறகு முடிவு செய்யுங்கள்.

எங்கள் வீடு கடலோரம். படம் கெட்டுவிடுமா?

கண்ணாடி தாளைத் தொடாதிருந்தால் பெரும்பாலும் கெடாது. மவுண்ட் அட்டையாலோ ஓரத்தில் வைக்கும் மெல்லிய கட்டையாலோ இரண்டுக்கும் நடுவே இடைவெளி விட வேண்டும். இல்லையேல் ஈரம் கோத்துத் தாள் கண்ணாடியில் ஒட்டிக்கொள்ளும். பின்பக்கத்தை முழுதும் ஒட்டி மூடிவிடுவது பூஞ்சைக்கு மட்டுமின்றி, தாளையும் பசையையும் அரிக்கும் இராமபாணப் பூச்சிக்கும் எதிரான காப்பு. பூச்சியின் படத்தைப் பூச்சியே தின்பது வேடிக்கைதான், ஆனால் பருத்தித் தாளின் விலை வேடிக்கையானதல்ல.

'நடுவீட்டில் பூச்சிப் படமா' என்று மாமியார் முகம் சுளிக்கிறார். எந்தப் படத்தைத் தேர்ந்தெடுப்பது?

முகத்தைத் தவிருங்கள். கூட்டுக்கண்ணும் குத்தும் அலகும் நேரே நோக்கும் படம் கடையில் அதிகம் விற்கலாம், ஆனால் அது பூச்சியை அரக்கனாக்குகிறது. இந்தப் பூச்சியின் தனித்தன்மையும் அதில் இல்லை. காலின் உரோமத்தை மட்டும் காட்டும் படத்தை, பூச்சி என்று சொல்லாதவரை யாரும் பூச்சியாகக் காண்பதில்லை. சொன்ன பிறகு வெறுப்பதும் அரிது.

என்னைக் கேட்டால் இவை எல்லாவற்றையும்விட அழகானது, முதல் பதிலில் குறிப்பிட்ட ராகோவீலியாவின் விசிறி. அதன் நடுக்காலின் நுனியில், காம்பு ஒன்றிலிருந்து இறகுபோல் கிளைத்த தட்டையான இழைகள் மடங்கி இருக்கின்றன. நீருக்குள் போனதும் நீரின் விசையாலேயே ஏறத்தாழ 10 மில்லிநொடியில் விரிந்து, வெளியே எடுத்ததும் மடங்கிக்கொள்கின்றன. இதற்குத் தசை தேவைப்படுவதில்லை என்பதை 2025இல் சயின்ஸ் இதழில் வந்த ஆய்வு காட்டியது. மேற்குத் தொடர்ச்சி மலையின் ஓடைகளிலும் இந்தப் பேரினம் வாழ்கிறது. உலர்ந்த காலில் விசிறி மூடியே இருக்கும் என்பதால், விரிந்த நிலையில் படமெடுப்பதற்கு மாதிரியை ஆயத்தம் செய்பவரின் கைத்திறன் வேண்டும்.

கொசுவும் தண்ணீரில் நிற்கிறதே, கொசுக்கால் படத்தை இதே வரிசையில் வைக்கலாமா?

தாராளமாக. கொசுவின் காலில் செதில்கள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டிருக்கின்றன. ஒவ்வொரு செதிலிலும் நீளவாக்கில் மேடுகளும் அவற்றை இணைக்கும் குறுக்கு விட்டங்களும் உண்டு. ஊசி உரோமத்துக்குப் பக்கத்தில் இந்தச் செதில் அடுக்கை வைத்தால், நனையாமல் இருப்பதற்கு இயற்கை கைக்கொண்ட இரண்டு வழிகளும் ஒரே பார்வையில் தெரியும்.

வாங்கும் படம் உண்மையான பூச்சியுடையதா, கணினி உருவாக்கியதா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

நகத்தைப் பாருங்கள். பெரும்பாலான பூச்சிகளுக்கு நகம் பாதத்தின் நுனியில் இருக்கும். ஜெரிடே குடும்பத்தில் அது நுனிக்குச் சற்று முன்பே, பக்கவாட்டில் பதிந்திருக்கும். நுனியில் இருந்தால் நீர்ப்பரப்பில் குத்திக்கொள்ளும் அல்லவா? கணினி வரைந்த படங்களில் நகம் நுனியிலேயே கொக்கிபோல் நிற்பதைக் காணலாம். உரோமங்கள் ஒரே திசையில் சாயாமல் தூரிகைபோல் செங்குத்தாக நிற்பது, எல்லா உரோமமும் ஒரே நீளத்தில் இருப்பது, கால்கள் எட்டாக இருப்பது ஆகியவையும் ஐயத்துக்கு இடமளிக்கும்.

எதிர்ப்பக்கமாகவும் சொல்ல வேண்டும்: சற்றே குழிந்துபோன கண், உடைந்த ஓர் உரோமம், ஒட்டிய தூசி ஆகியவை உண்மையான மாதிரிகளில் சாதாரணம். ஐயம் தீராவிட்டால் அளவுக்கோடு உள்ள மூலக் கோப்பைக் காட்டும்படி விற்பவரைக் கேளுங்கள்.

இணையத்தில் கிடைத்த படத்தை அச்சிட்டு மாட்டலாமா? நாலு பிரதி போட்டு விற்கலாமா?

உரிமக் குறிப்பைப் பார்க்காமல் இரண்டையும் செய்ய வேண்டாம். ஆய்விதழ்களில் வரும் பல படங்கள் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் இருக்கின்றன. 'சிசி பிஒய்' என்றிருந்தால் எடுத்தவரின் பெயரைக் குறிப்பிட்டு விற்கவும் செய்யலாம். 'என்சி' என்ற எழுத்துகள் சேர்ந்திருந்தால் வணிகப் பயன்பாடு கூடாது. குறிப்பு எதுவும் இல்லையென்றால் உரிமை இல்லை என்று பொருளல்ல. இந்தியாவின் 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி ஒளிப்படத்தின் உரிமை, எடுத்தவரின் வாழ்நாள் முழுவதும், அவர் இறந்த ஆண்டுக்கு அடுத்த ஆண்டு தொடங்கி மேலும் 60 ஆண்டுகளும் நீடிக்கிறது.

பணம் கொடுத்துக் கருவிக்கூடத்தில் எடுத்த படத்துக்கு யார் உரிமையாளர் என்பதை முன்பே எழுத்தில் பெற்றுக்கொள்ளுங்கள். பிரதி விற்கும் எண்ணம் பின்னால் தோன்றினால் அந்த ஒரு பக்கம் கைகொடுக்கும்.

மூன்று சட்டங்களுக்கு இடமிருக்கிறது. ஒரே பூச்சியை வைத்து எப்படி அமைப்பது?

முதலாவது ஒளிப்படமாக இருக்கட்டும், வெயில் ஏறிய வேளையில் ஆழமற்ற தெளிந்த நீரில் எடுத்தது. பூச்சியைவிட அடித்தளத்தில் விழும் அதன் நிழலைக் குறிவையுங்கள்: காலின் கீழுள்ள பள்ளம் ஒளியை விலக்கிவிடுவதால், மெலிந்த காலுக்குக் கொஞ்சமும் பொருந்தாத தடித்த கருவட்டங்கள் பளிச்சென்ற விளிம்போடு தரையில் விழும். இரண்டாவது, காலின் ஒரு துண்டை நகத்தோடு காட்டும் எலக்ட்ரான் நுண்ணோக்கிப் படம். மூன்றாவது, அதே காலின் உரோமங்கள் மட்டும். இரண்டாவது படத்தில், மூன்றாவது படம் எடுக்கப்பட்ட இடத்தை ஒரு சிறிய சதுரத்தால் குறித்துவிட்டால் பார்ப்பவரின் கண் தானே வழி கண்டுகொள்ளும்.

மூன்றுக்கும் ஒரே அளவுச் சட்டமும் ஒரே மவுண்டும் போதும். குறிப்பட்டையில் பூச்சியின் பேரினம், பிடித்த இடமும் மாதமும், எந்த நுண்ணோக்கி, நிறம் தீட்டியதா இல்லையா, எடுத்தவர் பெயர் ஆகியவற்றை இரண்டு வரிக்குள் எழுதி, சட்டத்தின் கீழே வலப்பக்கம் ஒட்டுங்கள். பிரதி ஒன்றைச் சட்டத்தின் பின்புறத்திலும் ஒட்டி வைத்தால், வீடு மாறும்போது முன்பக்க அட்டை உதிர்ந்தாலும் விவரம் தொலையாது.